பிரியஸ் அழகாயிடுச்சாம்... சரி, அப்புறம்?

2022 நவம்பர் 16. ஜப்பானில் டொயோட்டா கம்பெனி ஐந்தாம் தலைமுறை பிரியஸ் காரின் திரையை விலக்கியது. அதுவரைக்கும் அந்தக் காரைப் பார்த்து "இதென்னய்யா, இஸ்திரிப் பெட்டிக்குச் சக்கரம் வெச்ச மாதிரி" என்று சிரித்துக்கொண்டிருந்த உலகம் ஒரே ராத்திரியில் கட்சி மாறியது. அடடா, என்ன வளைவு! என்ன விளக்கு! ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி இருக்கே! பிரியஸா இது?

விருதுகளும் வரிசை கட்டின. ஜப்பானின் 2023-24 ஆண்டுக்கான சிறந்த கார். வட அமெரிக்காவின் 2024ஆம் ஆண்டுக்கான சிறந்த கார். 2024க்கான உலகின் சிறந்த கார் வடிவமைப்பு. சும்மா சொல்லக்கூடாது, கார் அழகாத்தான் இருக்கிறது. அதில் சண்டையே இல்லை.

சண்டை வேற இடத்தில். இத்தனை ஆரவாரத்தில் ஒரு சின்ன சாமானைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. காரின் பின்பக்கம் ஓரத்தில் ஒரு குட்டி மூடி இருக்கும். அதைத் திறந்தால் சார்ஜ் ஒயர் சொருகுகிற ஓட்டை. பிளக்-இன் ஹைப்ரிட் என்ற பெயரே அந்த ஓட்டையால்தான். கல்யாணத்துக்கு வந்த கூட்டம் பந்தலை மட்டும் பார்த்துவிட்டு, பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்காமலே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பின கதை இது.

திட்டினதும் மூஞ்சியை, புகழ்வதும் மூஞ்சியை

கொஞ்சம் பழைய கதை. முதல் பிரியஸ் 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 2003இல் வந்த இரண்டாம் தலைமுறைதான் எல்லோருக்கும் தெரிந்த அந்த ஆப்பு வடிவம். அப்படி இருந்ததற்குக் காரணம் இருந்தது. காற்று இடிக்காமல் நழுவிப் போகணும், அவ்வளவுதான். அழகுக்காகச் செய்ததல்ல, பெட்ரோலுக்காகச் செய்தது. 2015இல் வந்த நான்காம் தலைமுறையின் முகத்தை மனுஷங்க கிழி கிழி என்று கிழித்தார்கள். கம்பெனியே 2018 கடைசியில் விளக்குகளை மாற்றி, முகத்தைக் கழுவித் துடைத்து மறுபடி விட்டது.

இதில் வேடிக்கை, அந்த நான்காவது பிரியஸின் காற்றுத் தடை எண் 0.24. எல்லோரும் கைதட்டுகிற ஐந்தாவதில் அது 0.27. எண் குறையக் குறைய நல்லது. அதாவது அவலட்சணம் என்று திட்டு வாங்கினது காற்றைக் கிழிப்பதில் கெட்டி, அழகி என்று பெயர் வாங்கினது ஒரு படி கீழே.

இன்னொன்று. அமெரிக்காவில் இதே பிளக்-இன் மாடலை 17 அங்குலச் சக்கரத்தோடும் விற்கிறார்கள், 19 அங்குலச் சக்கரத்தோடும் விற்கிறார்கள். படத்தில் பார்த்து எல்லோரும் சொக்கிப்போனது அந்தப் பெரிய சக்கரத்தைத்தான். அந்நாட்டு அரசாங்கக் கணக்குப்படி, சின்ன சக்கர மாடல் பெட்ரோலே தொடாமல் பேட்டரியில் மட்டும் 44 மைல் ஓடும். பெரிய சக்கரம் போட்ட மாடல் 39 மைல். நம்ம கணக்கில் 71 கிலோமீட்டர் 63 ஆகிப் போச்சு. எட்டு கிலோமீட்டரை அழகுக்குக் காணிக்கையாக உண்டியலில் போட்டாச்சு!

பின்கதவுக் கைப்பிடி வெளியே தெரியக்கூடாது என்று ஒளித்து வைத்து, அதற்கு ஒரு மின்சார சுவிட்ச் கொடுத்தார்கள். 2024 ஏப்ரலில், அந்த சுவிட்சுக்குள் தண்ணீர் போனால் ஓடும்போதே கதவு திறந்துகொள்ளலாம் என்று சொல்லி, ஜப்பானில் மட்டும் சுமார் 1,35,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். மழைக்காலத்தில் ஏற்காடு ரோட்டில் போனவர்களுக்கு இதன் அர்த்தம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தோத்துப் போன யோசனை

அந்த அறிமுக விழாவில் டொயோட்டாவின் வடிவமைப்புத் தலைவர் சைமன் ஹம்ஃப்ரீஸ் ஒரு கதை சொன்னார். அப்போது கம்பெனித் தலைவராக இருந்த அக்கியோ டொயோடா, அடுத்த பிரியஸை டாக்ஸி மாதிரி எல்லோருக்குமான பொது வண்டியாகப் பண்ணிவிடலாமே என்று யோசனை சொன்னாராம். வடிவமைப்பாளர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பார்த்ததும் ஆசைப்படுகிற சொந்தக் காராகத்தான் பண்ணுவோம் என்று மல்லுக்கட்டி ஜெயித்தார்கள்.

கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் வடிவமைப்பாளர்கள் பக்கம். முதலாளியையே எதிர்த்து அழகைக் காப்பாற்றின வீரர்கள்!

இங்கேதான் கொஞ்சம் நிற்கணும். சேர்வராயன் மலையில் நாகலூர் மாதிரி ஒரு ஊரிலிருந்து பார்த்தால், தோத்துப் போன யோசனைதான் சரியான யோசனை. உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வதல்ல, கணக்குப் போட்டே சொல்லலாம். வாங்க.

மலைக்கு ஒரு கணக்கு

சேலம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். நடுவில் முப்பது கிலோமீட்டர் ரோடு, இருபது கொண்டை ஊசி வளைவு. ஏற வேண்டிய உயரம் ஏறக்குறைய 1,200 மீட்டர். வண்டியும் ஆளும் சேர்த்து 1,800 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ இயற்பியல் போதும்: இந்த எடையை இந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் 6 யூனிட் கரண்ட் வேணும். ரோட்டு உராய்வு, காற்று, மோட்டாரில் வீணாவது எல்லாம் சேர்த்தால் 10 யூனிட்டை ஒட்டி வரும்.

புது பிரியஸ் பிளக்-இன் மாடலின் பேட்டரி 13.6 யூனிட். முழுசையும் உபயோகிக்க விடமாட்டார்கள், கொஞ்சம் ஒதுக்கி வைத்திருப்பார்கள். ஆனாலும் சேலத்தில் முழு சார்ஜ் போட்டுக் கிளம்பினால், கிட்டத்தட்ட ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாமல் மலை ஏறிவிடலாம்.

இறங்கும்போதுதான் சூட்சுமம். சாதாரணக் கார் இறங்கும்போது அந்த 6 யூனிட் எங்கே போகிறது? பிரேக்கில் சூடாகி, நாத்தமாகி, காற்றோடு போகிறது. அடிவாரத்தில் வந்து நிற்கிற டூரிஸ்ட் வண்டிகளின் சக்கரத்துப் பக்கம் மூக்கைக் காட்டினால் தெரியும். ஹைப்ரிட் காரில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கும். உராய்வு தின்றது போக இரண்டு யூனிட்டாவது பேட்டரிக்குத் திரும்பும்.

ஒரு கண்டிஷன். மேலே முழு சார்ஜ் போட்டுவிட்டு இறங்கினால் திரும்பி வருகிற கரண்டை வாங்க பேட்டரியில் இடம் இருக்காது. ஆகவே நாகலூர்க்காரர் ராத்திரி எழுபது சதவீதம் மட்டும் ஏற்றிவிட்டு இறங்கணும். கீழே வரும்போது பேட்டரி நிரம்பியிருக்கும், அதை வைத்தே மறுபடி ஏறிவிடலாம். ஒரு ராத்திரி சார்ஜில் ஒரு தடவை இறங்கி ஏற்றம்! இதற்குப் பெரிய சார்ஜிங் ஸ்டேஷன் எதுவும் வேண்டாம். வீட்டில் கிரைண்டருக்கும் ஹீட்டருக்கும் போடுகிற 15 ஆம்பியர் பிளக் பாயிண்டே போதும். காலியிலிருந்து நிரம்ப ஐந்து மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

காற்று மழையில் மரம் விழுந்து கரண்ட் போனாலும் பயமில்லை, டேங்கில் பெட்ரோல் இருக்கிறது. ஜப்பானில் விற்கிற பிரியஸில் 1,500 வாட் வரைக்கும் வீட்டுச் சாமானுக்குக் கரண்ட் எடுத்துக்கொள்கிற வசதிகூட உண்டு. மலைக்காரனுக்கு இதைவிட என்னங்க வேணும்?

ஆக, இந்தக் காரின் அறிவு மொத்தமும் மலை ரோட்டில்தான் வெளியே தெரியும். புகழ்ந்த கூட்டத்தில் இதைப் பேசினவர் எத்தனை பேர்?

சொருகாத ஒயர்

இப்போது கசப்பான பக்கம். ஒயரைச் சொருகாவிட்டால்?

சொருகாவிட்டாலும் பிரியஸ் நல்ல ஹைப்ரிட்டாக ஓடும், அது வாஸ்தவம். ஆனால் அதற்குத்தான் ஒயர் இல்லாத சாதா பிரியஸ் இருக்கிறதே, குறைந்த விலையில்! பிளக்-இன் மாடல் அதைவிடச் சுமார் 150 கிலோ எடை கூட. சார்ஜ் போடாத ஆள் ஒவ்வொரு தடவையும் ஐம்பது கிலோ மூட்டையாக மூணு மூட்டை காப்பிக்கொட்டையைச் சும்மா மலைக்கு ஏற்றி இறக்குகிறார். கூலி கிடையாது, வியாபாரமும் கிடையாது.

"அட, யாராவது காசு போட்டு வாங்கிவிட்டுச் சார்ஜ் போடாமல் இருப்பாங்களா?" இருந்தார்கள் சாமி. ஊரே இருந்தது. ஐரோப்பாவில் 2021இல் பதிவான கார்களில் இருக்கிற மீட்டரையே படித்து, ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் ஓர் அறிக்கை விட்டது. சாதா பெட்ரோல், டீசல் கார்கள் சோதனைக்கூடத்தில் சொன்னதைவிட 20 சதவீதம்போல அதிகப் புகை விட்டன. பிளக்-இன் ஹைப்ரிட்டுகள்? சொன்னதைப்போல சராசரியாக மூன்றரை மடங்கு! பிரிட்டனில் கம்பெனி கார்களைத் திரும்ப வாங்கிப் பார்த்தபோது, சில வண்டிகளில் சார்ஜ் ஒயர் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் டிக்கியிலேயே கிடந்த செய்தி 2018இல் வந்தது. அதே வருஷம் அந்நாட்டு அரசு பிளக்-இன் ஹைப்ரிட்டுக்குக் கொடுத்த மானியத்தை நிறுத்தியது.

ஏன் சொருகவில்லை? சோம்பேறித்தனம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் காமர்ஸ் படிக்கிற எந்தப் பையனையும் பொண்ணையும் கேளுங்க, சரியான பதில் வரும். கம்பெனி காருக்குப் பெட்ரோல் காசு கம்பெனி தருகிறது. வீட்டில் சார்ஜ் போட்டால் கரண்ட் பில் சொந்தப் பாக்கெட். எந்த மடையன் சொருகுவான்? செலவு ஒருத்தர் தலையிலும் லாபம் இன்னொருத்தர் பையிலும் இருந்தால் எந்தத் திட்டமும் இப்படித்தான் ஊத்திக்கொள்ளும்.

ஆக, பிளக்-இன் ஹைப்ரிட் நல்ல காரா கெட்ட காரா என்பது காரைப் பார்த்துச் சொல்கிற விஷயமே இல்லை. எரிபொருள் காசு யார் பாக்கெட்டிலிருந்து போகிறது என்பதைப் பார்த்துச் சொல்லணும்.

அப்போ யார் சொருகுவார்?

கணக்கைத் தொடருவோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், கரண்ட் யூனிட் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதா பெட்ரோல் கார் மலை ஏறும்போது லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்தால், முப்பது கிலோமீட்டருக்கு 300 ரூபாய். கரண்டில் ஏறினால், சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்து 12 யூனிட், 120 ரூபாய். ஓர் ஏற்றத்துக்கு 180 ரூபாய் மிச்சம்.

வாரத்துக்கு ஒரு தடவை ஏறுகிற குடும்பம். வருஷத்துக்கு 50 ஏற்றம், 9,000 ரூபாய் மிச்சம். பிளக்-இன் காருக்கு 5 லட்சம் அதிகம் கொடுத்திருந்தால் போட்ட காசு திரும்ப 55 வருஷம். பேரன் வந்து வசூல் பண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

டாக்ஸி ஓட்டுகிறவர். காலையில் ஒரு ஏற்றம், மதியம் சாப்பாட்டுக்கும் சவாரிக்கும் காத்திருக்கிற நேரத்தில் சார்ஜ், சாயந்திரம் ஒரு ஏற்றம். வருஷத்துக்கு 300 நாள், 600 ஏற்றம். மிச்சம் 1,08,000 ரூபாய். அதே 5 லட்சம் ஐந்து வருஷத்துக்குள் கைக்கு வந்துவிடும். அதற்கப்புறம் வருவதெல்லாம் லாபம்.

இவர் ஒயரைச் சொருக மறப்பாரா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மறக்கமாட்டார். பெட்ரோல் காசு அவர் பாக்கெட்டிலிருந்து போகிறதே!

அக்கியோ டொயோடா சொன்ன டாக்ஸி யோசனையின் அருமை இப்போது புரிகிறதா? லண்டனில் ஊபர் ஓட்டுகிறவர்கள் பழைய பிரியஸைத்தான் தேடித் தேடி வாங்கினார்கள். அந்த "அசிங்கமான" முகத்தைப் பற்றி அவர்கள் யாரும் கவலைப்படவில்லை. பக்கத்திலேயே உதாரணம் இலங்கை. அங்கே பிரியஸ் நடுத்தரக் குடும்பம்கூட ஜப்பானிலிருந்து பழசாக இறக்கி ஓட்டின வண்டி. 2022இல் எரிபொருள் பஞ்சம் வந்து, காருக்கு வாரம் 20 லிட்டர்தான் என்று கியூஆர் அட்டை கொடுத்தபோது, யார் கார் அழகு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. யார் கார் அந்த 20 லிட்டரில் அதிக தூரம் போகும் என்றுதான் கேட்டார்கள்.

நம்ம ஊர் வரி பார்க்கும் பார்வை

"இந்தியாவிலேயே விற்காத காருக்கு எதுக்குய்யா இவ்வளவு பேச்சு?" நியாயமான கேள்வி. பிரியஸ் 2010இல் இங்கே வந்தது. 2017இல் நான்காம் தலைமுறையை இறக்கியபோது விலை 39 லட்சத்தை ஒட்டி. யாரும் சீந்தவில்லை, போய்விட்டது. ஐந்தாம் தலைமுறை வரவே இல்லை. பிளக்-இன் என்று 2016இல் வந்த வால்வோ எக்ஸ்சி90 மாதிரி வண்டிகள் கோடி ரூபாய்க்கு மேல். நாகலூர் டாக்ஸிக்காரருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஏன் இப்படி? வரிதான் பெரிய காரணம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது இந்த சைஸ் ஹைப்ரிட்டுக்கு 28 சதவீதம் வரி, மேலே 15 சதவீதம் செஸ், மொத்தம் 43. 2025 செப்டம்பர் 22 முதல் 40. முழு மின்சாரக் காருக்கு 5. தொழிற்சாலை விலை 25 லட்சம் என்றால் ஒன்றுக்கு வரி 10 லட்சம், இன்னொன்றுக்கு ஒன்றேகால் லட்சம். மலை ஏற்றம் முழுவதையும் கரண்டில் முடிக்கிற காரும், கரண்டே தொடாமல் பெட்ரோல் குடிக்கிற பெரிய காரும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றுதான்.

"அப்போ ஹைப்ரிட் எல்லாத்துக்கும் வரியைக் குறைச்சுடலாமே" என்று குதிக்க வேண்டாம். அது மறுபக்கத்துப் பள்ளம். அதிலும் ஒருமுறை விழுந்தாச்சு. 2015 ஏப்ரலில் மத்திய அரசின் ஃபேம் மானியத் திட்டம் தொடங்கியபோது, மாருதி சியாஸ், எர்டிகா எஸ்எச்விஎஸ் போன்ற மைல்ட் ஹைப்ரிட்டுகளுக்கும் மானியம் போனது. அந்த வண்டிகள் மோட்டாரில் மட்டும் பத்தடிகூட நகராது. இன்ஜினுக்கு லேசாகக் கை கொடுக்கும், அவ்வளவுதான். முதுகில் ஹைப்ரிட் என்று எழுதியிருந்தது, காசு கொடுத்தார்கள். 2017 மார்ச் கடைசியில்தான் விழித்துக்கொண்டு நிறுத்தினார்கள். 2024 ஜூலையில் உத்தரப் பிரதேசம், ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கும் பிளக்-இன் ஹைப்ரிட்டுக்கும் பதிவு வரியே வேண்டாம் என்றது. அங்கேயும் ஒயரைச் சொருகுவாயா என்று யாரும் கேட்கவில்லை.

மூஞ்சியைப் பார்த்து விருது கொடுக்கிறவருக்கும், முதுகில் எழுதின பெயரைப் பார்த்து மானியம் கொடுக்கிறவருக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

"முழு மின்சாரக் காரே போதுமே?" என்று ஒரு கட்சி இருக்கிறது. ஊருக்குள் சுற்றுகிறவருக்குப் போதும், தாராளமாக வாங்கட்டும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு நோயாளியோடு நாகலூரிலிருந்து சேலம் பெரியாஸ்பத்திரிக்கு இறங்கி, அங்கிருந்து வேலூருக்கோ சென்னைக்கோ போகச் சொன்னால், சார்ஜ் எங்கே என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. தினசரி மலைக்குக் கரண்ட், அவசரத்துக்குப் பெட்ரோல். இந்த வேலைக்குத்தான் இந்த வண்டி.

"அழகா இருந்தாத்தானே வாங்குவாங்க?" என்பது இன்னொரு கட்சி. வாங்குவாங்க, சரி. சொருகுவாங்களா? ஐரோப்பாவில் வாங்கினார்கள். பிளாஸ்டிக் கவரைத்தான் பிரிக்கவில்லை.

செய்ய வேண்டியது சிக்கலான காரியமில்லை. ஐரோப்பாவில் 2021 முதல் புதுக் கார்களில் எவ்வளவு எரிபொருள், எவ்வளவு கரண்ட் செலவாச்சு என்று கணக்கு வைக்கிற மீட்டர் கட்டாயம். இங்கேயும் அது இருக்கட்டும். சலுகையை ஷோரூம் வாசலில் கொடுக்காமல், டாக்ஸி எஃப்.சி.க்குப் போகிற அன்றைக்கு மீட்டரைப் படித்துவிட்டுக் கொடுக்கட்டும். பாதி தூரத்துக்கு மேல் கரண்டில் ஓடினதா, இந்தா உன் ரோடு டாக்ஸ். ஓடலையா, போய்ட்டு வா. அவ்வளவுதான். அழகுக்கு மார்க் கிடையாது, பெயருக்கும் மார்க் கிடையாது.

அடுத்த தலைமுறை பிரியஸோ வேறெந்தக் கம்பெனியின் பிளக்-இன் காரோ ஒரு நாள் வரும். மறுபடி போட்டோ பறக்கும். மறுபடி ஒரு கும்பல் சூப்பர் என்னும், இன்னொரு கும்பல் உவ்வே என்னும். ரெண்டு கும்பலிடமும் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான். ஒயரை யார் சொருகப் போறாங்க, அவங்களுக்கு அதில் எத்தனை ரூபாய் மிச்சம்?

பதில் தெரிஞ்சா பேசுங்க. தெரியலைன்னா, இருபதாவது கொண்டை ஊசி தாண்டி டாக்ஸி ஓட்டுற யாரையாவது கேளுங்க. கார் கலர் என்னன்னு பார்க்கிறதுக்கு முன்னாடியே பதில் சொல்லிடுவார்.